தேக்கு மேசைக்கு ஆஸ்மோ பாலிக்ஸ் ஆயில்: ஸ்பிரே கன் இல்லாத வீட்டுக்கு இது போதுமா?

வீட்டிலேயே மேசை செய்பவர்கள் மரம் வாங்குவதிலும் இணைப்பிலும் காட்டும் பொறுமையைப் பெரும்பாலும் பாலிஷில் காட்டுவதில்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை பெயிண்ட் கடைக்குப் போய், கடைக்காரர் எடுத்து நீட்டும் டப்பாவை வாங்கி வருகிறார்கள். அந்த டப்பா அநேகமாக மெலமைன் என்ற படலப் பூச்சு, அல்லது மரத் துவாரங்களை அடைக்கும் ஒரு சீலரும் அதன்மேல் போடும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும். இரண்டுமே ஸ்பிரே கன் பிடித்துப் பழகிய கைக்கு நன்றாக வரும். மொட்டை மாடியில் பிரஷோடு நிற்பவருக்கு வராது. அந்த இடத்தை நிரப்பத்தான் ஹார்ட்வாக்ஸ் ஆயில் என்ற வகை இருக்கிறது. அதில் அதிகம் பேசப்படுவது ஜெர்மனியின் ஆஸ்மோ நிறுவனத்தின் பாலிக்ஸ் ஆயில். இங்கே பார்ப்பது அதன் 3032 எண் கொண்ட நிறமற்ற, லேசான பளபளப்புள்ள வகை. முழு மேட் வேண்டுமென்றால் 3062.

டப்பாவில் இருப்பது என்ன என்று தெரிந்தால் பாதி வேலை புரிந்துவிடும். சூரியகாந்தி, சோயா போன்ற உலரும் தாவர எண்ணெய்கள், அவற்றோடு கார்னோபா, காண்டெலில்லா என்ற இரண்டு கடினமான தாவர மெழுகுகள், இவற்றைக் கரைத்துவைக்க மணம் குறைக்கப்பட்ட ஒரு பெட்ரோலியக் கரைப்பான். எண்ணெய் மரத்துக்குள் இறங்கிக் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டியாகிறது. மெழுகு மேலே நின்று தண்ணீரைத் தடுக்கிறது. மெலமைனும் பியூவும் (பாலியூரிதேன் பூச்சு) மரத்தின்மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு படலம் போடுகின்றன. இது அப்படிச் செய்வதில்லை. இதன் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

விலையைக் கேட்டதும் கை தயங்கும். அதே அளவு உள்ளூர் மெலமைனைவிடப் பல மடங்கு. ஆனால் கணக்கை லிட்டரில் போடக்கூடாது, பரப்பில் போட வேண்டும். தயாரிப்பாளர் சொல்லும் அளவு, ஒரு லிட்டருக்கு ஒரு கோட் 24 சதுர மீட்டர். 5 அடிக்கு 3 அடி மேசையின் மேல்பரப்பு சுமார் 1.4 சதுர மீட்டர். அடிப்பக்கம் இன்னொரு 1.4. நான்கு கால்களும் சட்டங்களும் சேர்ந்து தோராயமாக 1.2. மொத்தம் 4, இரண்டு கோட் என்றால் 8 சதுர மீட்டர், அதாவது 330 மில்லி சொச்சம். 375 மில்லி டப்பா ஒன்று ஒரு மேசைக்குச் சரியாக இருக்கும். சீலர், தின்னர், ஹார்டனர், ஸ்பிரே கன் வாடகை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் முதலில் தெரிந்த அளவு பெரிதல்ல. இருந்தாலும் மலிவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே கணக்கிலிருந்து வரும் இன்னொரு எண்தான் இந்த எண்ணெயின் சூட்சுமம். மேல்பரப்புக்கு ஒரு கோட்டுக்குத் தேவைப்படுவது 60 மில்லிக்கும் குறைவு. இருமல் மருந்தோடு வரும் 10 மில்லி மூடியில் ஆறு தடவை அளந்து ஊற்றினால் தீர்ந்தது. ஐந்தடி மேசைக்கு இவ்வளவுதானா என்று சந்தேகம் வரும். இவ்வளவேதான். பெயிண்ட் அடித்துப் பழகியவர் இதைப் போல மூன்று மடங்கு ஊற்றிவிடுவார். ஊறாமல் மேலே நிற்கும் எண்ணெய் மேலாகத் தோல் கட்டும், உள்ளே உலராது. ஒரு வாரம் கழித்தும் கை வைத்தால் பிசுபிசுக்கும், தட்டு ஒட்டும். இந்த எண்ணெய் காயவே இல்லை என்று வரும் புகார்களில் பெரும்பகுதிக்குக் காரணம் இந்தக் கைத் தாராளம்தான்.

எண்ணெய்க்கு வருமுன் மேசையைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் இது செய்த தப்பை மூடாது. மெலமைன் பூச்சில் பட்டி வைத்து, சீலர் அடித்து, தேய்த்து, மரத்தின் குறைகளை மறைக்க வழியுண்டு. எண்ணெய் அதையெல்லாம் எடுத்துக்காட்டும்.

5 அடி நீளம், 3 அடி அகலம், 30 இன்ச் உயரம் என்று வைத்துக்கொள்வோம். மேல்பலகைக்கு ஒரு இன்ச் கனத்தில் ஆறு இன்ச் அகலப் பலகைகள் ஆறு. இழைத்து முடிக்கும்போது கனம் 22 மி.மீ. பக்கம் வந்து நிற்கும். கால்கள் இரண்டரை இன்ச் சதுரம். சட்டங்கள் நான்கு இன்ச் அகலம், ஒரு இன்ச் கனம். நிகரக் கணக்கில் இது 2 கன அடி. வெடிப்பு, முடிச்சு, ஓர வெள்ளை, ரம்பம் தின்பது எல்லாம் சேர்த்து இரண்டரையிலிருந்து இரண்டே முக்கால் கன அடி வாங்க வேண்டும். தேக்கு வாங்கும்போது ஓரத்தில் வெள்ளை இல்லாத வைரப் பகுதியாகக் கேளுங்கள். வெள்ளைப் பகுதியைப் பூச்சி விடாது, எண்ணெயும் அங்கே வேறு நிறம் காட்டும்.

மரத்தின் ஈரம் அடுத்தது. அறையின் காற்று ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால் மரம் 15, 16 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். ஏ.சி. ஓடும் அறையில் காற்று 50 சதவீதத்துக்கு இறங்கினால் மரம் 9 சதவீதத்துக்கு வரும். தேக்கு அசைவு குறைந்த மரம்தான், ஆனால் அசையாத மரமல்ல. மரத்தின் ஆண்டு வளையங்களை ஒட்டி அறுத்த தேக்குப் பலகையில் ஒவ்வொரு சதவீத ஈர மாற்றத்துக்கும் அகலத்தில் சுமார் 0.19 சதவீதம் கூடும் அல்லது குறையும். 900 மி.மீ. அகல மேசையில் 3 சதவீதம் ஈரம் மாறினால் 5 மி.மீ. நீளவாட்டில் மாற்றம் ஏறக்குறைய இல்லை. பியூ போன்ற படலம் இந்த ஈரப் போக்குவரத்தை மெதுவாக்கும். எண்ணெய் அவ்வளவு தடுக்காது. ஆகவே எண்ணெய் பூசப்போகும் மேசையில் பலகை அசைய இடம் விட்டே ஆக வேண்டும்.

இடம் விடுவது எப்படி என்றால், மேல்பலகையைச் சட்டத்தோடு ஒட்டாதீர்கள், ஆணி அடித்து இறுக்காதீர்கள். அகலவாட்டில் நடுவில் ஒரு ஸ்குரூ நிலையாக இருக்கட்டும். இரண்டு ஓரங்களிலும் ஸ்குரூ போகும் துளை வட்டமாக இல்லாமல் பலகையின் அகலத் திசையில் நீளமாக, பக்கத்துக்கு 3 மி.மீ. நகர இடம் விட்டு இருக்கட்டும். அல்லது சட்டத்தின் உட்பக்கம் காடி இழுத்து, எல் வடிவ மரத்துண்டுகளின் நாக்கை அதில் நுழைத்து, துண்டைப் பலகையோடு முடுக்கலாம். இரண்டாவது வழி பார்க்கவும் அழகு. ஸ்குரூ இரும்பாக இருந்தால் ஈரத்தோடு சேர்ந்து மரத்தின் துவர்ப்புச் சத்தில் கறுப்புக் கறை விடும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். வேங்கை மரத்தில் செய்கிறவர்களுக்கு இது கட்டாயம்.

காலும் சட்டமும் சேருமிடத்தில் காலில் துளை வெட்டி, சட்டத்தின் நுனியில் நாக்கு எடுத்துப் பொருத்துவதற்கு ஈடு வேறில்லை. நாக்கின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒன்று, 7 அல்லது 8 மி.மீ. நீளம் ஒன்றேகால் இன்ச். ஒரே காலில் இரண்டு பக்கத்திலிருந்தும் நாக்குகள் வந்து உள்ளே முட்டிக்கொள்ளும் என்பதால் நுனிகளை 45 டிகிரியில் சீவிவிட வேண்டும். உலர்வாகப் பொருத்திப் பார்க்கும்போது கை அழுத்தத்தில் பாதி வரை போய், மீதிக்குக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டும்படி இருந்தால் சரி. சுத்தியலால் ஓங்கி அடித்தால்தான் போகிறது என்றால் கால் பிளந்துவிடும்.

பசைக்கு ஃபெவிகால் மரைன் போதும், வீட்டுக்குள் இருக்கும் மேசைக்கு எஸ்.எச். வகையே தாங்கும். தேக்கில் கவனிக்க வேண்டியது அதன் இயற்கை எண்ணெய். இழைத்து நாள்கணக்கில் கிடந்த ஓரத்தில் அந்த எண்ணெய் மேலே வந்து பசையைப் பிடிக்கவிடாது. இழைத்த அன்றே ஒட்டுங்கள். முடியாவிட்டால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் ஓரத்தைத் துடைத்துக் காயவிட்டு ஒட்டுங்கள். கிளாம்ப் ஓரடிக்கு ஒன்று, மேலும் கீழும் மாற்றி மாற்றி. எல்லாவற்றையும் மேலேயே போட்டால் பலகை கிண்ணமாக வளையும். இணைப்பு முழுக்க மெல்லிய முத்துக்களாகப் பசை பிதுங்கினால் அளவு சரி.

பிதுங்கிய பசையை ஈரத்துணியால் வழித்துத் தேய்ப்பதுதான் எண்ணெய்ப் பூச்சுக்கு எதிரி. கரைந்த பசை மரத் துவாரங்களுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அங்கே எண்ணெய் இறங்காது. வெளிறிய திட்டுகள் முதல் கோட்டிலேயே தெரியும், மறுபடி தேய்ப்பதைத் தவிர வழியில்லை. பசை ரப்பர் பதத்துக்கு வரும்வரை விட்டு, உளியின் முனையால் சுரண்டி எடுப்பது நல்லது. இரவு முழுக்கக் கிளாம்பிலேயே இருக்கட்டும்.

தேய்ப்பதற்கு 80 எண் உப்புத்தாளில் ஆரம்பித்து 120, பிறகு 180. அதோடு நிறுத்த வேண்டும், மிஞ்சிப்போனால் 220. மெலமைனுக்குத் தேய்க்கிற பழக்கத்தில் 320, 400 என்று போகிறவர்கள் உண்டு. மரம் கண்ணாடி போல் மினுங்கும், ஆனால் துவாரங்கள் அடைபட்டு எண்ணெய் குடிக்காது. கடைசிச் சுற்று ரேகைப் போக்கிலேயே கையால் இருக்கட்டும். ரேகைக்குக் குறுக்கே விழுந்த ஒரு 80 எண் கீறல் எண்ணெய் பட்டதும் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். இதைப் பூசுமுன்பே கண்டுபிடிக்க வழி இருக்கிறது: அறையை இருட்டாக்கி டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடியுங்கள், பிறகு ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. கீறல், பசைத் திட்டு இரண்டும் அந்த ஈரம் காய்வதற்குள் தெரிந்துவிடும். புதிதாக இழைத்த தேக்கு பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருந்தால் பதற வேண்டாம். வெளிச்சத்தில் சில நாள் வைத்தால் தேன் நிறத்துக்குச் சமமாகிவிடும். அதன் பிறகு எண்ணெய் பூசலாம்.

கைதேர்ந்த பாலிஷ்காரரை வேலைக்கு அழைத்தாலும் ஒரு விஷயத்தை முன்பே சொல்லிவிடுங்கள்: சீலர் வேண்டாம். பழக்க தோஷத்தில் எந்த மரத்துக்கும் முதலில் சாண்டிங் சீலர் அடிப்பது இங்கே வழக்கம். அதற்குமேல் ஹார்ட்வாக்ஸ் ஆயில் போட்டால் அது இறங்க இடமில்லாமல் வழுக்கிக்கொண்டு நிற்கும். தின்னரும் கலக்கக் கூடாது, டப்பாவில் இருப்பது அப்படியே பூசுவதற்குத்தான்.

பூசும் முறை எளிது. டப்பாவைக் குலுக்காமல் ஒரு தட்டையான குச்சியால் அடிவரை நன்றாகக் கலக்குங்கள். பளபளப்பைக் குறைக்கும் பொருள் அடியில் தங்கியிருக்கும், கலக்காமல் மேலாக எடுத்தால் மேசையின் ஒரு பாதி மினுங்கும், மறுபாதி மங்கும். நூல் உதிராத பருத்தித் துணியோ வெள்ளை நைலான் பேடோ எடுத்து, முதலில் வட்டமாக அழுத்தித் தேய்த்து, பிறகு ரேகை நீளத்தில் நீளமாக இழுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் போக வேண்டும். 15, 20 நிமிடத்தில் எங்காவது ஈரமாக மின்னினால் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். மேலே மட்டும் பூசினால் கீழ்ப்பக்கம் வேறு வேகத்தில் ஈரம் ஏற்றும், பலகை வளையும்.

அடுத்த கோட்டுக்கு 8 முதல் 10 மணி நேரம் என்பது சாதாரணக் காற்றுக்குச் சொன்னது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அது நடக்காது. ஒரு முழு நாள் விட்டு, உள்ளங்கையை வைத்துப் பார்த்து ஒட்டவில்லை என்றால் இரண்டாவது கோட். நடுவில் தேய்க்க வேண்டியதில்லை. நார் எழும்பியிருந்தால் மட்டும் பேடால் லேசாக ஒரு தடவல். மூடிய அறையில் ஃபேனைக் காட்டிலும் ஜன்னலைத் திறந்துவைப்பது உதவும், ஏனென்றால் இது உலர்வதற்குக் காற்றே மூலப்பொருள். மூன்றாவது கோட் ஆசைப்பட்டுப் போடுவதில் லாபமில்லை.

இரண்டாவது கோட் காய்ந்ததும் மேசையைப் பயன்படுத்தலாம் போலத்தான் இருக்கும். முழு உறுதி வர இரண்டு வாரம் ஆகும். அதுவரை தண்ணீர்ச் சொம்பு, ஈரத் துணி, பிளாஸ்டிக் விரிப்பு மூன்றும் வேண்டாம். விரிப்பு போட்டால் காற்று போகாமல் எண்ணெய் பாதியில் நின்றுவிடும்.

சரி, நம் சாப்பாட்டுக்கு இது தாங்குமா? தண்ணீர், காபி, மோர் சிந்தினால் துடைத்துவிட்டால் போதும், தடம் இருக்காது. புளிக்குழம்பு, ரசம் கூட அப்படித்தான். மஞ்சள் மட்டும் விதிவிலக்கு. சாம்பார் ஒரு மணி நேரம் கிடந்தால் மஞ்சள் கறை பிடிக்கும். ஆனால் மஞ்சளின் நிறமி வெயிலுக்கு நிற்காது, மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்தினால் சில நாளில் தானாக வெளுக்கும். சூடுதான் உண்மையான பலவீனம். அடுப்பிலிருந்து இறக்கிய இட்லிப் பானை, தோசைக்கல், குக்கர் எதையும் நேராக வைக்கக் கூடாது. மெழுகு இளகி வெள்ளை வளையம் விழும். பிரிமணை வைக்கும் பழக்கமில்லாத வீட்டுக்கு இந்த எண்ணெயைச் சொல்ல மாட்டேன். இரண்டு பேக் பியூ, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கும் வகை, இதைவிடச் சூட்டைத் தாங்கும், கீறலையும் தாங்கும். சந்தேகமில்லை.

ஆனால் பியூவில் அந்த வளையமோ கீறலோ ஒரு தடவை விழுந்துவிட்டால் வீட்டில் சரிசெய்ய முடியாது. ஒட்டுப்போட்ட இடத்தின் விளிம்பு தெரியும், கடைசியில் மேல்பரப்பு முழுவதையும் உரித்து மறுபடி ஸ்பிரே அடிக்க வேண்டும். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருப்பதால் ஸ்பிரே புகைக்குத் துணி மாஸ்க் போதவே போதாது, வெளியிலிருந்து சுத்தமான காற்றைச் செலுத்தும் முகமூடி வேண்டும். எண்ணெய் மேசையில் வெள்ளை வளையம் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் 180 தாளால் ரேகையோடு தேய்த்து, சொட்டு எண்ணெய் தடவி, ஓரங்களைத் துணியால் பரப்பிவிட்டால் மறுநாள் எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் காம்பஸ் முனையால் எழுதும் மேசைக்கு இந்த ஒரு குணத்துக்காகவே விலையைப் பொறுத்துக்கொள்ளலாம். நன்றாகப் புழங்கும் மேசைக்கு ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒரு முறை மெல்லிய ஒரு கோட் தேவைப்படும். இதை வேலையாக நினைப்பவர்கள் பியூவுக்குப் போவதே மேல்.

பழைய வழியான அவலரக்குப் பாலிஷோடும் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் வேண்டும். அரக்கு நம் நாட்டுச் சரக்கு, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகளிலிருந்து வருவது. லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 200 கிராம் அவலரக்கு ஊறவைத்து, வடிகட்டி, பஞ்சுப் பொட்டணத்தால் தேய்த்து ஏற்றும் அந்தப் பளபளப்பின் ஆழம் இந்த எண்ணெய்க்கு ஒருநாளும் வராது. பூஜை அலமாரிக்கும் கண்ணாடி பீரோவுக்கும் இன்றும் அதுதான் சரி. சாப்பாட்டு மேசைக்கு உதவாது: ஈர டம்ளர் வெள்ளை வளையம் விடும், சூடு பட்டால் இளகும், சானிடைசர் சிந்தினால் கரைந்தே போகும். பெயிண்ட் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் டபுள் பாயில்டு ஆளிவிதை எண்ணெய் இன்னொரு மாற்று. நிறம் அழகாக வரும், ஆனால் மெழுகு இல்லாததால் தண்ணீருக்கு எதிர்ப்பு குறைவு, மழைக்காலத்தில் காய நாள்கணக்காகும், பூஞ்சை பிடிப்பதும் உண்டு. தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லும் யோசனையை அப்படியே விட்டுவிடலாம். அது எத்தனை மாதமானாலும் கெட்டியாகாத வகை, தூசியைச் சேர்த்துவைப்பதோடு சரி.

குழந்தைகள் மேசையைக் கடிப்பார்களே என்று கேட்பவர்களுக்கு: முழுதும் உலர்ந்த பூச்சு, பொம்மைகளுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 71-3க்கு உட்பட்டது. ஈரமாக இருக்கும்போது கரைப்பான் ஆவி உண்டு, ஜன்னலைத் திறந்துவைத்துப் பூசுங்கள். மா, ரப்பர் மரம் போன்ற வெளிர் மரங்களின் நிறம் மாறாமல் இருக்க வேண்டுமென்றால் 3044 என்ற ரா வகை இருக்கிறது. அதில் சிறிது வெள்ளை நிறமி கலந்திருப்பதால் தேக்குக்கும் ஈட்டி மரத்துக்கும் ஆகாது. ஈட்டியில் 3032 பூசினாலும் உலர்வது தாமதமாகும், மரத்திலுள்ள சத்து எண்ணெய் கெட்டியாவதைத் தடுக்கும். பூசுமுன் அசிட்டோனால் துடைத்து, ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இனி சொல்வதை எந்தக் காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால் அவை உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். உலரும் எண்ணெய் ஆக்சிஜனோடு சேரும்போது வெப்பம் வெளிவருகிறது, சுருட்டிய துணியில் அது வெளியேற வழியில்லை. மே மாத மொட்டை மாடிக் கொட்டகையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வேலை முடிந்த கையோடு துணிகளைத் தண்ணீரில் முக்குங்கள், அல்லது வெளியே கொடியில் ஒற்றை மடிப்பாக விரித்து விறைப்பாகும்வரை காயவிட்டுப் பிறகு எறியுங்கள்.

வாங்கும்போது மூடி நசுங்காத டப்பாவாகப் பாருங்கள். காற்று புகுந்தால் மேலே ஆடை கட்டிவிடும், திறந்த பிறகும் இதே தொல்லைதான். மிச்சமிருப்பதைச் சிறிய கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, வாய்வரை வரும்படி உள்ளே கோலிக்குண்டுகளைப் போட்டு இறுக மூடிவைத்தால் அடுத்த வருடப் பூச்சுக்கும் அதுவே ஆகும்.